கனடாவிலிருந்து வந்த கசெட்டை மாற்றியபின் படம் ஏன் துள்ளுகிறது?

டொரொன்டோவில் நடந்த அக்காவின் கலியாண வீடியோக் கசெட்டைக் கொழும்பில் இலங்கைத் தொலைக்காட்சி முறைக்கு மாற்றுவித்தபோது நிறம் சரியாக வந்தும் அசைவு துள்ளுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் கசெட் மாற்றும் கடையொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் நான். படத்தை உருவாக்கும் கிடைக்கோடுகளான வரிகளையும் நிறத்தையும் மாற்றுவதில் எங்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை; நேரத்தை மாற்றுவதுதான் படாதபாடு படுத்தியது.

கனடா அன்று பின்பற்றிய என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப்படத்துக்கு 525 வரிகள். ஒற்றை வரிகள் ஒரு ஃபீல்டாகவும் இரட்டை வரிகள் அடுத்த ஃபீல்டாகவும் விநாடிக்கு ஏறத்தாழ 60 (துல்லியமாக 59.94) ஃபீல்டுகள் வருகின்றன. இலங்கை பின்பற்றிய பால் (PAL) முறையில் 625 வரிகள், 50 ஃபீல்டுகள். இந்த 50, 60 என்ற வேறுபாடு அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டி வந்தது.

ஆகவே விநாடிக்குப் பத்து ஃபீல்டுகளை எப்படியாவது குறைத்தாக வேண்டும். மலிவான கருவி ஆறில் ஒன்றை அப்படியே எறிந்துவிடும். உங்கள் கசெட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான். எங்களிடம் வந்த ஒரு கசெட்டில், அறுகரிசி போடும் கை மணமகளின் தலையை நோக்கித் துள்ளித் துள்ளித்தான் நகர்ந்தது. அடுத்தடுத்த ஃபீல்டுகளைக் கலக்கும் கருவியில் அதே காட்சியை ஓட்டியபோது துள்ளல் போய், கை இரண்டாகவும் தவில்காரரின் கோல் மூன்றாகவும் தெரிந்தது. பொருள் எந்தத் திசையில் நகர்கிறதெனக் கணித்து, இடைப்பட்ட படத்தைப் புதிதாக உருவாக்கும் கருவிகளும் உண்டு. அன்று அவை ஒளிபரப்பு நிலையங்களுக்கு உரியவையாகவும் கடைக்குக் கட்டுப்படியாகாதவையாகவும் இருந்தன. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கை ஐரோப்பாவுக்குக் காட்டவே பிபிசி, சைகையைச் சற்றுத் தாமதப்படுத்தும் குவார்ட்ஸ் துண்டுகளில் ஃபீல்டுகளைத் தேக்கிவைக்கும் பெரிய மின்னணுக் கருவியைச் செய்தது. அதற்குமுன் திரையில் ஓடும் படத்தை இன்னொரு கமெராவால் பிடிப்பதே வழக்கமாக இருந்தது.

வரி விடயத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரு ஃபீல்டுகளையும் ஒட்டவைத்துவிட்டு என்டிஎஸ்சியின் 525இல் படம் தெரியும் 480 வரிகளை, பாலில் படம் தெரியும் 576 ஆக இழுத்தால், அசையும் விளிம்புகளில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் படிந்துவிடும். பிறகு அவற்றை நீக்குவது மிகவும் கடினம்.

‘என்டிஎஸ்சி கசெட்டும் ஓடும்’ என்று எழுதிய டெக்குகளை நம்பிச் சிலர் பிரதி எடுத்தார்கள். அவற்றுள் பல நிறத்தைச் சுமக்கும் அலையை மட்டும் 4.43 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றி, 525 வரிகளையும் 60 ஃபீல்டுகளையும் அப்படியே விட்டுவிடும். தொலைக்காட்சி அதைப் பொறுத்துக்கொள்ளும். பதிவு செய்யும் டெக் பொறுக்காது, படம் உருளும்.

மூலக் கசெட் இன்னும் உங்களிடம் இருந்தால், பால் முறைக்கு மாற்றவே வேண்டாம். என்டிஎஸ்சி டெக்கில் ஓட்டி, 720க்கு 480 அளவில் அப்படியே கணினியில் பதிவுசெய்து, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப்படமாக விரித்து விநாடிக்கு 59.94 என்ற கணக்கிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். இன்றைய கணினித் திரைகள் பெரும்பாலும் விநாடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தில்தான் ஓடுகின்றன.