எழும் நிலமும் விரியும் சுவரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே உள்ள பொட்சுவோலியில், 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் எழும்பியது என்று படித்தேன். ஓர் ஆள் உயரத்துக்கு நிலம் எழுந்தால் ஊரே இடிந்து விழுந்திருக்க வேண்டாமா?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: நியாயமான ஐயம். முதலில் அந்த இடத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். பொட்சுவோலி அமைந்திருக்கும் காம்பி ஃபிளெக்ரேய், வெசூவியஸைப் போலக் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் எரிமலையன்று. 12 முதல் 15 கிலோமீட்டர் அகலத்தில் தாழ்ந்து கிடக்கும் பெரும்பள்ளம் அது. அதன் ஒரு பகுதி கடலுக்கடியில் இருக்கிறது. ஆழத்தில் மாக்மா எனப்படும் உருகிய பாறைக்குழம்பும், அதிலிருந்து வரும் வாயுவும், சூடேறிய நீரும் தரும் அழுத்தம் கூடிக் குறையும்போது மேற்பரப்பும் எழுந்து தாழ்கிறது. ‘பிராடிசிஸ்மோ’ என்று இத்தாலியர் இதை அழைக்கிறார்கள். மெதுவான அசைவு என்பது அச்சொல்லின் கிரேக்க மூலப் பொருள்.

வீட்டுக்குக் கேடு செய்வது எழுச்சியின் மொத்த அளவைவிட, வீட்டின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இடையே அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதே. பொட்சுவோலியில் நிலம் பூரி உப்புவது போல நடுவில் மிகுதியாகவும் ஓரம் நோக்கி மெல்லக் குறைந்தும் எழுகிறது. நடுவில் 1.8 மீட்டராக இருக்கும் எழுச்சி ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் மிகச் சிறிதாகிவிடுகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், 12 மீட்டர் நீளமுள்ள ஒரு வீட்டின் இரு முனைகளுக்கும் இடையே வரும் வேறுபாடு அரை சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. சரிவு கூடுதலாக உள்ள இடத்தில் அது இரண்டு மூன்று மடங்காகலாம். அப்போதும் வீடு முழுவதும் சேர்ந்து இம்மியளவு சாய்கிறதே தவிர, வளைந்து முறிவதில்லை. ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பொறியாளர்கள் 1956-இல் வகுத்த அளவுகோலின்படி, அடித்தளத்தின் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு அவற்றின் இடைவெளியில் 300-இல் ஒரு பங்கை எட்டும்போதுதான் சுவரில் விரிசல் தோன்றத் தொடங்கும். 150-இல் ஒரு பங்கை எட்டினால் தூணும் உத்தரமும் பழுதாகும்.

இதற்குச் சான்றாகத் துறைமுகத்தருகே மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. ரோமானியர் காலத்துச் சந்தையின் எச்சமான அவற்றை 1750-இல் தோண்டியெடுத்தபோது, செராப்பிஸ் என்ற தெய்வத்தின் கோயில் என்று தவறாக எண்ணினார்கள். கிட்டே சென்று பார்த்தால், அடிப்பகுதி வழவழப்பாக இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆள் உயரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் தொடங்கி, தரையிலிருந்து ஆறு மீட்டருக்கும் மேலே வரை தூணைச் சுற்றி ஒரு பட்டையாக அடர்ந்திருக்கின்றன. கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் குடைந்தவை அவை. அத்தனை உயரத்துக்குக் கடல்நீரில் மூழ்கும்படி நிலம் இறங்கி, பிறகு வெளிவரும்படி ஏறியும் தூண்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. சார்லஸ் லயல் 1830-இல் வெளியிட்ட தம் புவியியல் நூலின் முகப்புப் படமாக இவற்றை வைத்தது பொருத்தமே.

எனில் 1983-84-இல் ஏறத்தாழ 40,000 பேர் வீட்டை விட்டு வெளியேறியது ஏன்? நிலம் எழும்போது பாறை நொறுங்கி நிலநடுக்கங்கள் வருகின்றன. அந்த ஈராண்டுகளில் பதினாறாயிரத்துக்கும் மேல் பதிவாயின. 1983 அக்டோபர் 4 அன்று வந்தது ரிக்டர் அளவில் 4.0 தான், வேறோர் இடமாக இருந்தால் சன்னல் கண்ணாடி கிணுகிணுப்பதோடு முடிந்திருக்கும். இங்கோ நடுக்கங்களின் மையம் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், மேலே உள்ள வீட்டுக்கு அது நேரடி அடியாக விழுகிறது. வீடுகளிலும் பல, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மஞ்சள் மென்கல்லைக் காரை வைத்து அடுக்கிய பழங்கட்டடங்கள்.

கேள்வி: நான் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய ஊரில் ஒரு விரிசலைக் காட்டினால், அது நடுக்கத்தால் வந்ததா, நில அசைவால் வந்ததா, பழையதா என்று எவ்வாறு பிரித்தறிகிறார்கள்?
(வாசகர், திருச்சி)

பதில்: தங்களுக்குத் தெரியாத ரகசியம் ஏதும் அவர்களிடம் இல்லை, கண்ணும் பொறுமையும்தான் முதற்கருவிகள். இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் பெருக்கல் குறி போல இரு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தால், சுவர் இடமும் வலமும் மாறி மாறி இழுபட்டிருக்கிறது. அது நடுக்கத்தின் கையெழுத்து. ஒரே திசையில் சாய்ந்து, படிக்கட்டுப் போலக் கல் இணைப்புகளின் வழியே ஏறி, ஒரு முனையில் அகன்றும் மறு முனையில் மயிரிழையாகவும் முடியும் விரிசல், அடித்தளத்தின் ஒரு பக்கம் மட்டும் இறங்கியதையோ எழுந்ததையோ காட்டுகிறது. இரு சுவர்கள் சேரும் மூலையில் செங்குத்தாகப் பிளந்து, மேலே போகப் போக வாய் அகன்றிருந்தால், வெளிச்சுவர் தெருப்பக்கம் சாயத் தொடங்கிவிட்டது என்று பொருள். இது அகலத்தில் சிறியதாக இருந்தாலும் மிகவும் அஞ்சத்தக்கது என்பேன். பூச்சில் ஓடும் நூறு கோடுகளைவிட இந்த ஒன்றுக்காகத்தான் குடியிருப்போரை அன்றே வெளியேற்ற வேண்டியிருக்கும்.

பழையதா புதியதா என்பதை விரிசலின் உள்விளிம்பு சொல்லிவிடும். புதியது வெண்மையாக, கூர்மையான ஓரத்தோடு இருக்கும். பழையதன் உள்ளே ஒட்டடையும் அழுக்கும், சில வேளை முந்தைய வெள்ளையடிப்பின் சுண்ணாம்பும் இருக்கும். விரிசல் வீட்டோடு நிற்காமல் முற்றத்துத் தரையைக் கடந்து, தெருவைப் பிளந்து, எதிர்வீட்டுச் சுவரில் அதே நேர்கோட்டில் தொடர்ந்தால், அங்கே குற்றவாளி கட்டடமன்று, நிலமே.

அகலத்துக்கும் அளவுகள் உண்டு. பர்லாண்டு என்ற பொறியாளரின் வகைப்பாட்டில் 1 மில்லிமீட்டர் வரை பூச்சு வேலையோடு தீர்ந்துவிடும். 5 முதல் 15 வரை கதவு சன்னல்கள் இறுகி நிற்கும். 25-ஐத் தாண்டினால் கட்டடமே நிலைகுலையும் அபாயம். ஆனால் ஒருமுறை அளந்த எண்ணால் பெரும்பயன் இல்லை. குறுக்கே ஓர் அளவுக்கோலை ஒட்டி வாரந்தோறும் படித்துத் தேதியோடு எழுதிவைத்தால்தான், வெயிலுக்கும் குளிருக்கும் மூச்சு விடும் விரிசல் எது, ஒரே திசையில் வளரும் விரிசல் எது என்று தெரியும்.

இத்தாலியில் நடுக்கத்துக்குப் பின் கட்டடங்களைப் பார்வையிடும் குழுவினர் ‘ஏடிஸ்’ என்ற அரசுப் படிவத்தை நிரப்புகிறார்கள். சேதத்தின் கடுமையை மட்டுமன்றி, அது கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா, மூன்றில் இரு பங்கைத் தாண்டுகிறதா என்றும் குறிக்கிறார்கள்; முன்பே இருந்த சேதத்துக்குத் தனி இடமும், நிலத்துக்கும் அடித்தளத்துக்கும் ஒரு பகுதியும் உண்டு. முடிவு ஏ முதல் எஃப் வரையிலான ஓர் எழுத்து: ஏ என்றால் குடியிருக்கலாம், ஈ என்றால் கூடாது, எஃப் என்றால் வீடு நன்றாக இருந்தாலும் பக்கத்துக் கட்டடமோ பாறையோ அதன்மேல் விழக்கூடும் என்பதால் கூடாது. ஒழுங்கான ஏற்பாடுதான், ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது ஒரு பெருநடுக்கத்துக்குப் பிந்தைய நிலையை நினைத்து அமைக்கப்பட்டது. பொட்சுவோலியிலோ 2024 மே 20 அன்று 4.4 அளவில் ஒன்று வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற, 2025 மார்ச்சிலும் ஜூனிலும் 4.6 அளவில் மேலும் இரண்டு வந்தன. இடையே எண்ணற்ற சிறு நடுக்கங்கள். ஒவ்வொன்றும் காரையைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுப் போகும் ஊரில், இன்றைய ‘ஏ’ அடுத்த மாதத்துக்குச் செல்லாது. 2023 அக்டோபரில் வந்த அவசரச் சட்டம், சேதத்துக்குக் காத்திராமல் கட்டடங்களின் பலவீனத்தை முன்கூட்டியே ஆராயத் திட்டமிட்டதை அதனால்தான் வரவேற்கிறேன்.

கேள்வி: செயற்கைக்கோளால் மில்லிமீட்டர் அசைவையும் அளக்க முடியும் என்கிறார்களே, பிறகு வீடு வீடாக ஏறி இறங்குவது எதற்கு?
(வாசகி, மதுரை)

பதில்: ரேடார் செயற்கைக்கோள் தன் பார்வைக்கோட்டில் உள்ள அசைவை மட்டுமே அளக்கிறது. வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் செல்லும் இரு பாதைகளின் பதிவுகளைச் சேர்த்தால் மேல்கீழ் அசைவும் கிழக்குமேற்கு அசைவும் கிடைக்கும். வடக்குதெற்கு அசைவு சரியாகப் பிடிபடாது. எந்தத் தெரு சீராக எழுகிறது, எங்கே அசைவு திடீரென மாறுகிறது என்று காட்டி, முதலில் போக வேண்டிய வீட்டை அது சொல்லும். வீட்டுக்குள் சுவர் சாய்ந்திருப்பதை அது சொல்லாது.

நிலமே பிளக்கும் இடங்களில் வானிலிருந்து பார்ப்பது இன்னும் போதாது. ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊருக்கடியில் 2023 நவம்பர் 10 அன்று மாக்மா சுவர் போலப் புகுந்தபோது, ஊரின் ஒரு பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் பள்ளமாக இறங்கியது. மேலே சாலை முழுதாகத் தெரிய, அடியில் வெற்றிடம். 2024 ஜனவரியில் அத்தகைய பிளவை நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அதற்குள் விழுந்து காணாமற்போனார். நிலத்துள் ஊடுருவும் ரேடாரைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்றே வெற்றிடங்களைத் தேட வேண்டியிருந்தது. அங்கே சில வீடுகளின் சுவரில் கீறல்கூட இல்லை. ஆனாலும் அவற்றைப் பாதுகாப்பானவை என்று எந்தப் பொறியாளரும் எழுதிக் கொடுக்க இயலாது.

கேள்வி: எழுந்த நிலம் மறுபடி இறங்கினால் விரிசல் மூடிக்கொள்ளுமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: மூடாது. 1984-க்குப் பின் இருபது ஆண்டுகளில் பொட்சுவோலி ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இறங்கியது. பிறகு 2005 வாக்கில் மீண்டும் எழத் தொடங்கியது. விரிசல் திறந்திருந்த காலத்தில் உதிர்ந்த காரையும் மணலும் உள்ளே விழுந்து ஆப்பு வைத்தது போலத் தங்கிவிடுவதால், சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப முடிவதில்லை. பூசி மறைத்திருந்தால் அடுத்த எழுச்சியில் பெரும்பாலும் அதே கோட்டில்தான் மறுபடி திறக்கும்.