படத்தைப் பார்த்தவுடன் புத்தகத்தை மூடிவிடுகிறார்களா?

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு மொழி ஆசிரியை. வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்காக ஒரு கிராஃபிக் நாவலை (படக்கட்டங்களில் சொல்லப்படும் நீண்ட கதையை) வகுப்புக்குக் கொண்டுசென்றேன். மளமளவென்று புரட்டிவிட்டு ‘முடித்துவிட்டோம்’ என்கிறார்கள். ‘படம் பார்ப்பது படிப்பாகுமா?’ என்று கேட்கிறார் தலைமை ஆசிரியர். பாடங்களையே காமிக்ஸாக்கித் தருவதாக ஒரு முகவர் வந்திருக்கிறார். அதை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இத்தகைய முகவர்கள் கொண்டுவருபவற்றில் பெரும்பாலானவை காமிக்ஸே அல்ல. பாடநூல் பத்தியை அப்படியே வெட்டி, கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவின் வசன பலூனுக்குள் திணித்திருப்பார்கள். கட்டத்துக்குக் கட்டம் தாத்தா கையை மட்டும் மாற்றி நீட்டுவார். ஒரு பக்கத்தின் படங்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் அந்தப் படங்களுக்கு அங்கே வேலையில்லை. ஏற்கெனவே கையிலுள்ள பாடநூலுக்கு மறுபடியும் பணம் கொடுக்கிறீர்கள். மாதிரிப் பக்கங்களை நம்பாமல் முழுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தொடக்கத்தில் தெரியும் ஓவியரின் உழைப்பு பின்பாதியில் காணாமல் போயிருக்கும். கூடவே தலையில் கட்டும் பயிற்சி ஏடும் வேண்டாம்.

உங்கள் மாணவர்களுக்குப் பார்க்கத் தெரிகிறது. நின்று பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை. முழுப் புத்தகத்தையும் கையில் கொடுக்காமல், ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு படக்கட்டத்தில் அலமாரி மேலுள்ள பூச்சாடியை நோக்கி நீளும் சிறுவனின் கை. அடுத்த கட்டத்தில் தரையில் உடைந்த சில்லுகள். முதுகைத் தூக்கிச் சிலிர்த்து நிற்கும் பூனை. சாடி உடைவதை யாரும் வரையவில்லை. யார் உடைத்தது என்று கேளுங்கள், வகுப்பே இரண்டாகப் பிரியும். ‘பூனைதான்’ என்பவனிடம், படத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறான் என்று கேளுங்கள். பிறகு அந்த விடுபட்ட கட்டத்தை நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள். கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் கதையை நிரப்புபவர் வாசகரே என்பதை அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் ஒரு காமிக்ஸாகவே வரைந்து விளக்கியிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் இந்த வாதத்தில் சமமாக நின்று பேச முடியும்.

ஜப்பானியக் காமிக்ஸான மாங்காவை எடுத்தால் மட்டும் கவனம் தேவை. அது வலமிருந்து இடமாக ஓடும். நாம் பின்னட்டை என்று நினைப்பதுதான் அதன் முன்னட்டை. பக்கத்தின் வலது மேல்மூலையில் தொடங்கி இடப்புறம் போய், அடுத்த வரிசைக்கு மறுபடி வலப்புறம் வர வேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் பலூன்களுக்கும் அதே வரிசைதான். தெரியாமல் படித்தால் பதில் முன்னேயும் கேள்வி பின்னேயும் வரும்; மாணவன் தனக்குத்தான் புரியவில்லை என்று கூசிப்போவான். சில மொழிபெயர்ப்புகளில் பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட்டிருப்பார்கள். அவற்றை இடமிருந்தே படிக்கலாம், ஆனால் வலக்கைக்காரர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்களாகியிருப்பார்கள். எது எப்படியானாலும், படிக்கும் திசையைக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தலைமை ஆசிரியரின் சந்தேகம் மிகப் பழையது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்த்தாம் புத்தகம் எழுதினார். அதே ஆண்டில் அங்குள்ள பதிப்பகங்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டன. வெர்த்தாமின் குறிப்புகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கரோல் டில்லி, அவர் தம் சான்றுகளைத் திருத்தியும் திரித்தும் பயன்படுத்தியிருந்ததை 2012இல் எழுதிய கட்டுரையில் வெளிக்கொண்டுவந்தார். ஆனாலும் அந்த அச்சம் பள்ளி நிர்வாகங்களை விட்டு அகலவில்லை. யாரோ எழுதிவைத்த கதைச்சுருக்கத்தை ஒப்பித்தால் மதிப்பெண் போடுகிறார்கள். தானே ஊகித்துக் காரணம் சொல்லும் பிள்ளைக்கு விடைத்தாளில் இடமே இல்லை. இதை எத்தனை கூட்டங்களில்தான் சொல்வது! அந்த நான்கு வரி எழுத்துகளைத் தேதியிட்டுச் சேர்த்துவையுங்கள். தலைமை ஆசிரியரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

படம் இருப்பதாலேயே எல்லாம் சிறுவர் நூலாகிவிடாது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மவுஸ்’ நூலில் எலி, பூனை முதலிய விலங்குகள்தான் இருக்கின்றன. சொல்வதோ யூதப் படுகொலையை. எந்த நூலானாலும் வகுப்புக்குள் கொண்டுபோகும் முன் நீங்கள் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.