ஒரே குளிர்காலத்தில் பெருமழை, மலைப்பனி, வெப்பம் மூன்றும் எப்படி வருகின்றன?

கேள்வி: அமெரிக்காவில் குளிர்காலத்தின்போது மேற்குக் கரையில் பெருமழை, மலைகளில் கடும் பனி, கிழக்கில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் என்று செய்தி வருகிறது. இவை ஒன்றுக்கொன்று முரணாக இல்லையா?

பதில்: முரண் ஏதும் இல்லை. மழை கொட்டுவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். அவ்வளவு ஈரம் வெப்பக் கடலின் மேல் வந்த காற்றில்தான் இருக்கும். ஆகவே குளிர்காலப் பெருமழையும் வெதுவெதுப்பும் பல நேரம் சேர்ந்தே வருகின்றன. சென்னைத் தண்டையார்பேட்டையில் இருப்பவருக்கு இது புதிதன்று. கார்த்திகையில் கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும் நாட்களில், காசிமேட்டுப் பக்கமிருந்து கொண்டல் வீசும்போது, அடுப்படியில் உப்பு நீர்த்துப்போகும், கொடியில் போட்ட துணி காய மறுக்கும், நள்ளிரவிலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. மேகம் கலைந்து வறண்ட வாடை திரும்பிய மார்கழி விடியலில்தான் போர்வையைத் தேட வேண்டியிருக்கும். தரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வானுக்கு விட்டுவிடாதபடி மேகம் தடுத்துவைப்பதும் இதற்கு ஒரு காரணம்.

அமெரிக்க மேற்குக் கரையில் இதனுடன் மலையும் சேர்ந்துகொள்கிறது. பசிபிக்கின் வெப்பப் பகுதியிலிருந்து சில நூறு கிலோமீட்டர் அகலமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஈரப்பட்டை ஒன்று கரையை நோக்கி வரும். வானிலையாளர்கள் அதை வளிமண்டல ஆறு என்கிறார்கள். அது கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் முட்டி மேலேறும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி வீதம் குளிர்கிறது. வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும் உயரத்தை ஒட்டி, அதற்கு மேலே பனியாகவும் கீழே மழையாகவும் விழுகிறது. அதாவது, சமவெளி வெள்ளத்துக்கும் மலைப்பனிக்கும் தாய் ஒன்றே. ஈரப்பட்டை கூடுதல் வெப்பத்துடன் வந்தால் பனி விழத் தொடங்கும் அந்த உயரம், அதாவது பனிக்கோடு, மேலே ஏறிவிடும். பனியாக மலையில் தங்கி, வேனிலில் மெல்ல உருகி அணைக்கு வந்திருக்க வேண்டிய நீர், மழையாகவே ஒரேயடியாக இறங்கிவிடும். என் பார்வையில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். 2017 பிப்ரவரியில் இத்தகைய மழைத் தொடரின்போது கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் போக்கி சேதமடைந்து, கீழேயுள்ள ஊர்களிலிருந்து சுமார் 1,88,000 பேர் வெளியேற்றப்பட்டனர்.

கிழக்கின் வெப்பத்துக்கு வருவோம். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் ஜெட் காற்றோட்டம் வளைந்து வளைந்துதான் ஓடும். மேற்கில் அது தெற்காகத் தொய்ந்தால் அடுத்த வளைவு பெரும்பாலும் கிழக்கில் வடக்காக எழும். தொய்வை ஒட்டிப் புயல்கள் வரும், எழுச்சியின் கீழே தென்திசை வெப்பம் புகும். 2022 டிசம்பர் இறுதி முதல் 2023 ஜனவரி நடுப்பகுதி வரை ஒன்பது வளிமண்டல ஆறுகள் கலிபோர்னியாவைத் தாக்கின. அதே பருவத்தில் நியூயார்க் நகரில் அளக்கத்தக்க முதல் பனி பிப்ரவரி 1 அன்றுதான் விழுந்தது. அங்கே முதல் பனி அவ்வளவு தாமதமானதாக அதற்கு முன் பதிவே இல்லை. இத்தனைக்கும் அது லா நினா காலம், அதாவது பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் காலம் (வெப்பமாக இருந்தால் எல் நினோ), கலிபோர்னியாவின் தென்பகுதி வறண்டிருக்கும் என்று பொதுவாக எதிர்பார்க்கப்படும் காலம். எனவே எல்லாப் பழியையும் எல் நினோ, லா நினா தலையில் போடுவோரின் பேச்சைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்கிறேன்.

இந்த விளக்கத்தை நம் நாட்டுக்கு அப்படியே ஒட்டிவைப்பதும் சரியன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, அடுத்த மாதத்தின் பெரும்பகுதியில் காஷ்மீரின் குல்மார்க் சரிவுகள் பனியின்றிக் கிடந்தன. முன்னது தெற்கே கடலோரம் நின்ற காற்றுச் சுழற்சியின் வேலை. பின்னதற்குக் காரணம், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து இமயத்துக்குப் பனி தரும் தாழ்வழுத்தச் சுழற்சிகளான மேற்கத்திய இடையூறுகள் அந்தப் பருவத்தில் வலுவாக வராதது.