நல்ல தரமான கட்டானா (ஜப்பானிய வாள்) ஆர்டர் குடுத்து செய்யணும்னா யார்கிட்ட போறது?

மொதல்ல ஜப்பான்லயே செஞ்சது வேணுமா, அந்த ஸ்டைல்ல இருந்தா போதுமான்னு முடிவு பண்ணுங்க. ஜப்பான்னா லைசென்ஸ் உள்ள கொல்லர்தான் அடிக்க முடியும், அதுக்கே குறைஞ்சது 5 வருஷம் ஒரு குருகிட்ட வேலை கத்துக்கணும், மாசத்துக்கு 2 நீள வாளுக்குத்தான் அனுமதி, அதனால விலையும் ஜாஸ்தி, ரொம்ப நாள் காத்திருக்கவும் வேணும்.

சீனாவுல லோங்சுவான் பட்டறைங்கள்ல மலிவா கிடைக்கும், ஆனா ஹாமோன பாத்து வாங்குங்க. அது கூர் ஓரமா ஓடுற வெள்ளை அலை, களிமண் பூசி காய்ச்சி தண்ணில முக்கும்போது தானா விழுறது, சில பேர் அத ஆசிட்ல வரைஞ்சு விட்ருவாங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நிஜமானதுல பொடிப்பொடியா மினுக்கும், வரைஞ்சது தட்டையா வெளுத்துக் கெடக்கும்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கொல்லர் ஏற்கனவே செஞ்ச வாளோட க்ளோசப் வீடியோவும் கைப்பிடி கழட்டுன போட்டோவும் கேளுங்க, தரலன்னா வேற ஆள பாருங்க.