நெற்பயிரே சின்ன ஆர்.என்.ஏ. செய்து வைரஸை வெட்டும் என்றால், துங்ரோ வந்த வயல் ஏன் தேறுவதில்லை?

இலைக்குள் சின்ன ஆர்.என்.ஏ. (வைரஸை அடையாளம் கண்டு வெட்ட உதவும் குட்டி மரபுத் துண்டுகள்) குவிந்திருந்தால் வைரஸ் தோற்றுவிட்டது என்றுதானே பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். துங்ரோ என்ற நெல் வைரஸ் நோயில் அப்படி இல்லை. எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம், படித்தது பயோடெக்னாலஜி. அதனால் வயலையும் சேர்த்தே சொல்கிறேன்.

துங்ரோவில் இரண்டு வைரஸ்கள் கூட்டு. இலையை ஆரஞ்சு கலந்த மஞ்சளாக்கி, பயிரைக் குட்டையாக்குவது பெரும்பாலும் குச்சி வடிவ டி.என்.ஏ. வைரஸ். மற்றது உருண்டையான ஆர்.என்.ஏ. வைரஸ், தனியாக வந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் துணை இல்லாமல் முதலாவதைப் பச்சைத் தத்துப்பூச்சியால் பரப்ப முடியாது.

பயிரும் சும்மா இருப்பதில்லை. வைரஸால் உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர் வகைப் புரதங்கள் 21, 22, 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். ஆர்கோனாட் புரதம் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடிப்பிடித்து வெட்டும். செடிகளில் இந்தத் துண்டுகளை 1999இல் கண்டு சொன்னவர்கள் இங்கிலாந்தின் ஹாமில்டனும் பால்கோம்பும்.

வேடிக்கை இனிமேல்தான். துங்ரோ பிடித்த நெல்லில் இந்தத் துண்டுகள் ஏராளம். ஆனால் டி.என்.ஏ. வைரஸிலிருந்து வருபவற்றில் பெரும்பகுதி ஒரே இடத்தில் பிறக்கிறது: எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லாமல் மடிந்து கிடக்கும், வைரஸ் ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி. மடிந்து கிடப்பதால் துண்டுகளால் அதை எளிதில் வெட்ட முடியாது; மற்ற பகுதிகள் தப்பிவிடும். நாய்க்கு எலும்பைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் நுழைகிற வேலை இது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. போதாததற்கு, வைரஸின் பி4 என்ற புரதம் 'வைரஸை வெட்டு' என்று இந்தத் துண்டுகள் தரும் எச்சரிக்கை செல் விட்டுச் செல் பரவாமல் தடுக்கிறது.

சரி, வயலுக்கு என்ன? வைரஸின் ஒரு பகுதியை நெல்லுக்குள்ளேயே வைத்து, முன்கூட்டியே சரியான துண்டுகளைச் செய்ய வைக்கும் நெல்லை டெல்லியில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். நம்மூர் விதைக்கடையில் கிடைக்கும் சரக்கில்லை அது.

மஞ்சளைப் பார்த்ததும் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். விடிவதற்கு முன் இலை நுனியை அரைச் சாண் (சுமார் 10 செ.மீ.) அளவுக்குக் கிள்ளி, அயோடின் கரைசலில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். கருநீலக் கோடுகள் விழுந்தால் துங்ரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். நோயில் இலையிலேயே தேங்கிவிடும் மாவுச்சத்துதான் அப்படி நிறம் காட்டுகிறது. அப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் பூச்சியோடுதான்: நோய் கண்ட தூர்களைப் பிடுங்கிப் புதைப்பது, விளக்குப் பொறி வைப்பது, காலையில் பொறியைச் சுற்றி அடைந்திருக்கும் தத்துப்பூச்சிகளை அங்கேயே மருந்தடித்துக் கொல்வது. அடுத்த பட்டத்துக்கு நாற்றங்காலிலிருந்தே இதைத் தொடங்குங்கள்.