டிராக்டரில் இணைத்த கேழ்வரகு கதிரடிக்கும் இயந்திரம் மார்கழியில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கு எடுத்த இயந்திரம் காலை நேரத்தில் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, உருளை சுற்றாமல் நின்றுவிடுகிறது, ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தாமலேயே ஒரு குச்சியை உள்ளே விட்டுக் குத்தி எடுக்கிறார், இது சரியா என்பது உங்கள் கேள்வி. சரியில்லை. நாளைக்கும் அவர் அப்படிச் செய்தால் தடுத்துவிடுங்கள். வயதில் பெரியவராக இருந்தாலும், "அண்ணா, முதலில் சாவியை எடுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

எனக்கு அஞ்செட்டிப் பக்கம். கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை கதிரடிக்கும் இயந்திரத்தோடு தேன்கனிக்கோட்டை, தளி, இராயக்கோட்டை என்று களம் களமாகப் போய்க்கொண்டிருப்பேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

டிராக்டரின் பின்பக்கத்து பி.டி.ஓ. தண்டு, அதாவது இன்ஜினின் விசையைக் கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்படி அமைந்தது. அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ அதில் பட்டால், ஐயோ என்று வாய் திறப்பதற்குள் பல சுற்று சுற்றிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அடைப்பு எடுக்கும்போது வரும் ஆபத்து வேறு, அது பலருக்குத் தெரிவதில்லை. உருளை சிக்கி நிற்கும்போது அதில் வேகம் இல்லையே தவிர இறுக்கம் இருக்கிறது. பெல்ட் ஒரு பக்கம் விறைத்து இழுத்துக்கொண்டிருக்கும். சிக்கிய கேழ்வரகுத் தாளை உருவிய அந்தக் கணத்தில் உருளை கால் சுற்றோ அரைச் சுற்றோ துள்ளும். இன்ஜின் நின்றிருந்தாலும் துள்ளும். விரல் போவதற்கு அது போதும்.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். கதிர் போடுவதை நிறுத்த வேண்டும். கிளட்சை மிதித்து பி.டி.ஓ. லீவரை விடுவித்து, இன்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்து அடைப்பு எடுக்கப் போகிறவரே தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். களத்தில் பத்துப் பேர் இருப்பார்கள், ஆளாளுக்கு அவசரம் இருக்கும். "முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே யாராவது சாவியைத் திருப்பிவிடுவார்கள். சக்கரமும் புல்லியும் முழுதாக நின்றுவிட்டனவா என்று கண்ணால் பாருங்கள், காதை நம்பாதீர்கள். பிறகு டிராக்டரையும் இயந்திரத்தையும் இணைக்கும் தண்டில், டிராக்டர் பக்கத்துப் பூட்டுப் பின்னை அழுத்தி, தண்டைக் கழற்றிக் கீழே வையுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்தவுடன் பெல்ட்டையும் தளர்த்திவிட்டால், உள்ளே இருக்கும் இறுக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும்.

இப்போது உருளையின் மேல்மூடியைத் திறங்கள். மார்கழிக் காலையில் அடைத்த இயந்திரத்தைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது புளித்த தாளின் வாசனை. அதனோடு கருகிய ரப்பர் நெடியும் இருந்தால், பெல்ட் வழுக்கி வழுக்கித் தேய்ந்திருக்கிறது என்று பொருள். உருளையின் பற்கள் வெளியே தெரியாது. தாள் பல்லுக்குப் பல் மாறி மாறிப் பின்னி, கயிறு திரித்ததுபோல் இறுகியிருக்கும். காய்ந்த கேழ்வரகுத் தாள் மடக்கென்று ஒடியும், ஈரத்தாள் ஒடியாது, தோல்வார் மாதிரி சுற்றும். அதைக் கையால் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகுமே தவிர வராது. சின்ன அரிவாளின் நுனியால் உருளையின் நீளவாக்கில், இரண்டு பல் வரிசைகளுக்கு நடுவே கீறிவிடுங்கள். பிறகு ஒரு கட்டையைப் புல்லியின் ஆரக்காலில் கொடுத்து, வழக்கமாகச் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் மெதுவாக நெம்புங்கள். பெல்ட்டைப் பிடித்துத் திருப்பக் கூடாது, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே விரல் மாட்டிக்கொள்ளும். எதிர்த்திசையில் திருப்பினால், வந்த வழியிலேயே தாள் திரும்பி வரும். வந்ததைக் கொக்கிக் கம்பியால் எடுத்துப் போடுங்கள்.

உருளைக்குக் கீழே இருக்கும் அரைவட்டச் சல்லடையைப் பார்க்காமல் மூடிவிடுகிறார்கள், அடுத்த அடைப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஈரப் பதரும் உமியும் நொறுங்கிய தாளும் சேர்ந்து, கிண்டாமல் விட்ட களி பானையடியில் பிடித்ததுபோல் சல்லடைக் கண்களை அடைத்திருக்கும். மணி கீழே விழ வழியில்லாமல் தாளோடு தாளாக வெளியே போய்விடும். போரின் அடியில் வைக்கோலைக் கிளறிப் பாருங்கள், மணி கிடந்தால் சல்லடை அடைத்திருக்கிறது. இரும்புத் தகட்டால் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெளிச்சம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். அப்படியே உருளைத் தண்டின் இரு முனைகளையும் தடவிப் பாருங்கள். கட்டு கட்டிய நைலான் கயிறோ சாக்குக் கிழிசலோ அங்கே போய்ச் சுற்றிக்கொண்டால், சூட்டில் உருகி பேரிங்குக்குள் இறங்கும். ஒரு துண்டு கயிறு ஒரு பேரிங்கைத் தின்றுவிடும். நடுவில் போல்ட் அறுந்து இயந்திரம் நின்றிருந்தால், அதே அளவில் அதே தரத்தில் புதிது போடுங்கள். அது அறுந்துபோவதற்கென்றே வைத்த போல்ட். கடினமான போல்ட்டை அங்கே போட்டால், அடுத்த முறை அறுந்துபோவது தண்டாகவோ கியராகவோ இருக்கும்.

எல்லா மூடிகளையும் திரும்ப மாட்டிவிட்டு, தண்டை இணைத்து, முதலில் வெறுமனே ஓட்டுங்கள். சத்தம் சீரானதும் டிராக்டர் மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் இடத்துக்கு வேகத்தைக் கொண்டுவந்து, அதன் பிறகே கதிரைப் போடுங்கள். டீசல் மிச்சம் என்று வேகத்தைக் குறைத்து ஓட்டுவது அடைப்புக்கு நேர் வழி. உருளையின் வேகம் குறைந்தால் தாளைத் தள்ளும் பலமும் விசிறியின் காற்றும் ஒருசேரக் குறைகின்றன. புகைபோக்கியில் கரும்புகை வந்து இன்ஜின் சத்தம் அமுங்கினால் அந்த நிமிடமே கையை நிறுத்துங்கள். அப்போது நிறுத்தினால் உள்ளே இருப்பது தானாக வெளியேறிவிடும்.

ஆனால் உங்களுடைய சிக்கலின் வேர் இயந்திரத்தில் இல்லை, பனியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் மட்டும் அடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து மார்கழிப் பனி விடியற்காலையில் கதிர்ப் போரின் மேல் தண்ணீர் தெளித்ததுபோல் இறங்கும். தார்ப்பாய் போட்டு மூடினாலும் உள்பக்கம் வியர்த்து மேலடுக்கு நனைந்துவிடும். வெயில் ஏறியதும் தார்ப்பாயை எடுத்துவிட்டு, மேலடுக்குக் கதிர்களைத் தனியே களத்தில் பரப்புங்கள். ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். மணி உதிர்ந்து, தாளை மடக்கினால் ஒடிய வேண்டும். உதிராவிட்டால் காத்திருங்கள். பெரும்பாலான நாட்களில் பத்து, பதினொரு மணிக்கு முன்னால் தொடங்குவது வீண். தொடங்கும்போதும் உள்ளடுக்கில் காய்ந்திருப்பதை முதலில் போட்டு, பரப்பியதைக் கடைசியாகப் போடுங்கள். அரி அரியாக, கதிர் முன்னால் போகும்படி சீராகக் கொடுக்க வேண்டும், கட்டோடு தள்ளக் கூடாது.

மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறவரிடம் காத்திருக்கச் சொல்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கி வரும் காலமும், கேழ்வரகு கதிர் முற்றும் காலமும் ஒன்று. ஒரு வருட உழைப்பைப் போராகக் குவித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பம், கதிர் ஈரமோ காய்ந்ததோ, இன்றைக்கே அடித்து மூட்டை கட்டிவிட வேண்டும் என்றுதான் துடிக்கும். டிராக்டர் விளக்கு வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில், பனியில் நனைந்த கதிரை அடித்து நடக்கும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காட்டோரத்தில் இருப்பவர்கள் முடிந்தவரை போரை வீட்டு வாசலை ஒட்டிய களத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், இரவில் அடிக்க வேண்டிய கட்டாயம் குறையும். வாடகை பேசும்போதே பகல் பதினொரு மணிக்கு வரச் சொல்லிப் பேசுங்கள். காலை ஏழு மணிக்கு வந்து அடைப்பு எடுத்துக்கொண்டு நிற்பதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

இயந்திரத்தை எடுக்குமுன் கதிர் போடும் வாய்த்தட்டைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி அது குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் உருளையை ஒட்டிய 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். கை எட்டாத தூரத்தில் பற்கள் இருப்பதற்காக வகுத்த அளவு அது. கதிர் சீக்கிரம் போகட்டும் என்று மூடியைக் கழற்றி வீசிய இயந்திரங்களைக் களங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. 1983-இல் இயற்றிய அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில், அபாயகரமான இயந்திரம் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது கதிரடிக்கும் இயந்திரம்தான். மூடி இல்லாத இயந்திரத்தை வாடகை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் இதே பேச்சுத்தான். போடுகிறவர்கள் துண்டை அவிழ்த்து வைத்துவிட வேண்டும், பெண்கள் தலைப்பை இறுகச் செருகிச் சட்டையை மேலே போட்டுக்கொள்ள வேண்டும், கையில் வளையல் வேண்டாம்.

காய்ந்த கதிரைச் சரியான வேகத்தில் போட்டும் அடைத்தால், உருளைப் பல் வளைந்திருக்கிறதா, சல்லடைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, பெல்ட் நீண்டுவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை இயந்திரக்காரர்தான் செய்து தர வேண்டும், அதற்காகும் நேரத்துக்கு வாடகை கேட்பது நியாயமில்லை. அடித்து முடித்த மணியையும் அன்றைக்கே மூட்டை கட்டாமல் இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், கொள்முதல் நிலையத்திலும் எடுக்க மாட்டார்கள்.