ரிப்போர்ட்டில் ‘+16’: அத்தை மகனைக் கட்டியது காரணமல்ல

சகோதரி, 9ஆவது வாரத்தில் கரு கலைந்து, திசுப் பரிசோதனையில் ‘+16’ என்று வந்ததாகவும், அத்தை மகனைக் கட்டியதால்தான் என்று வீட்டில் பேசுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். ‘+16’ என்றால், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 16ஆவது இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்திருக்கிறது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது அது. சொந்தத்தில் கட்டினால் கூடுவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் மாதிரியானவற்றின் வாய்ப்பு. அது வேறு கணக்கு. பீட்டா தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்பதை ஹெச்பி ஏ2 (ஹீமோகுளோபினின் ஒரு வகை) அளக்கும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிவிடும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்து, கருப்பையில் வைக்கும் முன் கருவைச் சோதிப்பதா? ஒரே இழப்புக்கு அது அவசரம் என்றே நினைக்கிறேன். எங்களுக்குக் கரு கலைந்தபோது வந்த ரிப்போர்ட்டில் குரோமோசோம் துண்டு இடம் மாறியிருந்தது, அதாவது ‘டிரான்ஸ்லொகேஷன்’. அதனால்தான் எங்கள் இருவருக்கும் கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.